ஐந்தாவது எண்

ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்துக்குள் ஐந்து எண்களைப் போட வேண்டும். பங்கின் இன்றைய விலை, ஒப்பந்தத்தில் பேசிய விலை, இன்னும் எத்தனை நாள் பாக்கி, வட்டி விகிதம். இந்த நாலும் எங்கேயோ அச்சாகி இருப்பவை, பார்த்து எழுதிவிடலாம். ஐந்தாவது எண், அந்தப் பங்கு இனிமேல் எவ்வளவு மேலும் கீழும் ஆடும் என்பது. வாலட்டிலிட்டி என்கிறார்கள். கிரேக்க எழுத்து சிக்மாவால் குறிப்பார்கள். இது எங்கேயும் அச்சாகியிருக்காது, ஏன்னா அது இன்னும் நடக்கவில்லை.

எம்பிஏ ஃபைனான்ஸ், எம்.காம், ஆக்சுவரி, ஃபைனான்ஷியல் எஞ்சினியரிங் என்று எதைப் படித்தாலும், டெரிவேட்டிவ்ஸ், ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாள் இருக்கும், அதில் இந்தக் கணக்கு கண்டிப்பாக வரும். கேள்வித்தாளில் ஐந்தாவது எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். ‘வாலட்டிலிட்டி ஆண்டுக்கு 20 சதவீதம் எனக் கொள்க’ என்று இருக்கும். மாணவர் கொள்வார், கால்குலேட்டரைத் தட்டுவார், மதிப்பெண் வாங்குவார். அந்த ‘எனக் கொள்க’ எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டதால் என்னவெல்லாம் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். இந்தப் பாடத்தின் வரலாறே கிட்டத்தட்ட அந்த ஒரு எண்ணின் வரலாறுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பங்கு இன்று 100 ரூபாய். மூன்று மாதம் கழித்து அதே 100 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை (கடமையை அல்ல, உரிமையை மட்டும்) ஒருவர் உங்களுக்கு விற்கிறார். பங்கு 120 ஆனால் உங்களுக்கு 20 ரூபாய் லாபம். 80க்கு இறங்கினால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். இந்த உரிமைக்கு என்ன விலை கொடுக்கலாம்? வட்டி 6 சதவீதம், வாலட்டிலிட்டி 20 சதவீதம் என்று வைத்தால் சூத்திரம் 4 ரூபாய் 75 காசு என்கிறது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு, வாலட்டிலிட்டியை மட்டும் 40 என்று மாற்றினால் விலை 8 ரூபாய் 67 காசு. பங்கு அதே பங்கு, தேதி அதே தேதி. ஐந்தாவது எண்ணைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும்தான் மாறியது, விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

பாடப்புத்தகங்கள் இந்த வரலாற்றைக் கிரேக்கத் தத்துவவாதி தேல்ஸ் ஆலிவ் செக்குகளை முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்த கதையிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். நல்ல கதைதான், ஆனால் அதில் கணக்கு எதுவும் இல்லை. கணக்கு 1900, மார்ச் 29 அன்று பாரிஸில் ஆரம்பிக்கிறது.

அன்று சோர்போனில் லூயி பாஷெலியே என்ற முப்பது வயதுக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வாதாடினார். தலைப்பு, ‘ஊக வணிகத்தின் கோட்பாடு’. லு ஆவ்ர் துறைமுகத்தில் ஒயின் வியாபாரம் செய்த குடும்பம். 1889இல் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோக, படிப்பை நிறுத்திவிட்டுக் கடையைப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு ராணுவ சேவை. அதற்கப்புறம்தான் பாரிஸுக்கு வந்து கணிதம் படித்தார். பெரிய கல்லூரிகளில் படித்து வந்த மற்ற கணிதக்காரர்களோடு ஒப்பிட்டால் தாமதமாக, பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தவர்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் பாரிஸ் சந்தையில் பிரெஞ்சு அரசுக் கடன் பத்திரங்கள் மீது நடந்த முன்பேர, ஆப்ஷன் வியாபாரம். அந்த வியாபாரத்துக்கே அப்போது கொஞ்சம் கெட்ட பெயர்தான். முன்பேர ஒப்பந்தங்கள் சூதாட்டம் அல்ல, சட்டப்படி செல்லும் என்று பிரான்ஸ் உறுதியாகச் சொன்னதே 1885இல்தான். அப்படிப்பட்ட விஷயத்தை எடுத்துக்கொண்டு, விலை அடுத்த நொடி மேலே போகவும் கீழே போகவும் சம வாய்ப்பு என்று தொடங்கி, இன்று பிரௌனியன் இயக்கம் என்று சொல்லும் கணிதத்தை அவர் அந்த ஆய்வேட்டில் எழுதினார். ஐன்ஸ்டீன் தண்ணீரில் மிதக்கும் துகள்களுக்கு அதே கணிதத்தை எழுதியது ஐந்து வருடம் கழித்து, 1905இல்.

விலையின் சிதறல் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது என்று பாஷெலியே காட்டினார். அதாவது நான்கு மடங்கு நாள் ஆனால் இரண்டு மடங்கு சிதறல். அந்த வர்க்கமூலத்துக்கு முன்னால் ஒரு கெழு நிற்க வேண்டும். அதுதான் நம்முடைய ஐந்தாவது எண். அதற்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள்: நிலையின்மைக் கெழு, அல்லது பதற்றக் கெழு. பத்திரம் எவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்பதை அது அளக்கிறது. எண் பெரிதாக இருந்தால் சந்தையில் கவலை, சிறிதாக இருந்தால் அமைதி என்று எழுதினார். இன்றைய பாடப்புத்தகங்களில் இது ‘ஆண்டு லாப விகிதத்தின் திட்ட விலக்கம்’ என்று சலவை செய்த சட்டை மாதிரி வரும். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. அது மனிதர்களின் நிலைமை, பத்திரத்தின் இயற்பியல் குணம் அல்ல என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்தது.

ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் முக்கியமானவர் ஆன்றி புவான்கரே. அவருடைய அறிக்கை பாராட்டாகவே இருந்தது. ஆனால் வழக்கமாக மாணவர்கள் எடுக்கும் விஷயங்களிலிருந்து இது கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்றும் குறிப்பிட்டார். கிடைத்தது இரண்டாம் தரச் சான்று. பல்கலைக்கழக வேலைக்கு வழிவிடும் உயர்ந்த தரம் கிடைக்கவில்லை. பிறகு 1926இல் திஜோன் பல்கலைக்கழகத்தில் ஒரு பதவிக்கு விண்ணப்பித்தபோது, பால் லெவி என்ற பெரிய நிகழ்தகவு நிபுணர் இவருடைய கட்டுரை ஒன்றில் பிழை இருப்பதாக எழுதிக் கொடுத்தார், வேலை போயிற்று. உண்மையில் பிழை இல்லை, லெவி சரியாகப் படிக்கவில்லை. 1931இல் ரஷ்யக் கணிதமேதை கொல்மகரவ் தன் கட்டுரையில் பாஷெலியேவைக் குறிப்பிட்டதைப் பார்த்துத்தான் லெவி திரும்பப் படித்து, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். பாஷெலியேவை உலகமே அரை நூற்றாண்டு மறந்துவிட்டது என்று சொல்வது பாதிதான் சரி. கணிதக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. பொருளாதாரக்காரர்களுக்குத்தான் தெரியாது. பெசான்சோனில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று 1946இல் இறந்தார்.

பொருளாதாரத்துக்குள் அவர் நுழைந்தது தபால் கார்டு வழியாக. 1950களின் நடுவில் லியனார்ட் சாவேஜ் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு நூலகத்தில் பாஷெலியேவின் பிந்தைய புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்து, இப்படி ஒரு ஆளைத் தெரியுமா என்று கேட்டு நண்பர்களுக்குக் கார்டு போட்டார். அவற்றில் ஒன்று எம்ஐடியில் இருந்த பால் சாமுவெல்சனுக்குப் போனது. அவர் நூலகத்தில் தேடி அந்த ஆய்வேட்டையே பிடித்துவிட்டார். 1964இல் பால் கூட்னர் தொகுத்த நூலில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதற்கப்புறம்தான் இது வகுப்பறை விஷயமாகிறது.

சாமுவெல்சன் ஒரு திருத்தம் செய்தார். பாஷெலியே சொன்னபடி விலை ரூபாய்க் கணக்கில் கூடிக் குறைந்தால் அது பூஜ்யத்துக்கும் கீழே போய்விட முடியும், பங்குக்கு அது பொருந்தாது. ஆகவே சதவீதக் கணக்கில் கூடிக் குறைகிறது என்று மாற்றினார். ஆனால் 1965இல் அவர் எழுதிய சூத்திரத்தில் ஒரு தொல்லை பாக்கியிருந்தது. பங்கு சராசரியாக எவ்வளவு வளரும், ஆப்ஷன் வைத்திருப்பவர் எவ்வளவு லாபம் எதிர்பார்ப்பார் என்ற இரண்டையும் யாராவது சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஆப்ஷன் சூத்திரம் எழுதிய எல்லாரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு எதிர்பார்ப்பு, இரண்டு விலை.

இந்த முடிச்சை அவிழ்த்த மூவரில் யாருமே நேர்வழியில் வந்த பொருளாதார நிபுணர் இல்லை என்று சொல்லலாம். ஃபிஷர் பிளாக் ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர், ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பொருளாதாரம் முறைப்படி படித்ததே இல்லை. ராபர்ட் மெர்ட்டன் பொறியியலும் கணிதமும் படித்துவிட்டுச் சாமுவெல்சனிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். மைரன் ஷோல்ஸ் மட்டும் சிகாகோவில் முறையாக ஃபைனான்ஸ் படித்தவர்.

அவர்கள் கண்டுபிடித்த யோசனையை மேலே சொன்ன உதாரணத்திலேயே பார்க்கலாம். 100 பங்குகளுக்கான உரிமையை நீங்கள் விற்றிருக்கிறீர்கள். சூத்திரம், இன்றைக்கு 58 பங்குகளைக் கையில் வைத்துக்கொள் என்கிறது. பங்கு ஏறினால் இன்னும் கொஞ்சம் வாங்கு, இறங்கினால் கொஞ்சம் விற்றுவிடு. இப்படி விடாமல் செய்துகொண்டே போனால், ஏறினாலும் இறங்கினாலும் கடைசியில் உங்கள் கணக்கு நேராகிவிடும். ரிஸ்க் இல்லை என்றால் அதற்குக் கிடைக்க வேண்டியது வெறும் வட்டிதான். ஆகவே பங்கு வளருமா தேயுமா என்ற அபிப்பிராயமே சூத்திரத்திலிருந்து விழுந்துவிடுகிறது! ஒருவர் அந்தக் கம்பெனி உருப்படும் என்கிறார், இன்னொருவர் உருப்படாது என்கிறார், இரண்டு பேரும் ஆப்ஷனுக்கு ஒரே விலைதான் சொல்ல வேண்டும். முதல் தடவை புரியும்போது இது நிஜமாகவே ஆச்சரியப்படுத்தும் விஷயம். பாக்கியிருக்கும் ஒரே அபிப்பிராயம் ஐந்தாவது எண்.

கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. சிகாகோவில் மெர்ட்டன் மில்லரும் யூஜின் ஃபாமாவும் ஆசிரியர் குழுவிடம் எடுத்துச் சொன்ன பிறகு 1973 மே-ஜூன் இதழில் வெளிவந்தது. கணிதத்தை இன்னும் கறாராக எழுதிய மெர்ட்டனின் கட்டுரையும் அதே வருடம்.

இதற்கிடையில் நடந்த ஒரு சம்பவத்தை பிளாக் பின்னாளில் தானே எழுதியிருக்கிறார். சூத்திரம் கையில் வந்ததும், சந்தையில் எந்த வாரன்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று தேடினார்கள். (வாரன்ட் என்பது கம்பெனியே வெளியிடும் நீண்ட நாள் ஆப்ஷன்.) நேஷனல் ஜெனரல் என்ற கம்பெனியின் வாரன்ட் சூத்திர விலையைவிட மிகவும் மலிவாகத் தெரிந்தது. மூவரும் வாங்கினார்கள். கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. அப்புறம் இன்னொரு கம்பெனி நேஷனல் ஜெனரலை வாங்க முன்வந்தது, அந்த ஏற்பாட்டில் வாரன்ட் விலை அடிபட்டது. சந்தைக்கு இந்தச் செய்தி முன்னமே அரசல்புரசலாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மலிவாக இருந்திருக்கிறது. சூத்திரத்துக்குத் தெரியாதது சந்தைக்குத் தெரிந்திருந்தது. டெரிவேட்டிவ்ஸ் பாடத்தின் மிக நல்ல முதல் அத்தியாயம் இதுதான் என்பது என் கட்சி. பெரும்பாலான புத்தகங்களில் இது அடிக்குறிப்பாகக்கூட இருக்காது.

கட்டுரை அச்சாவதற்குச் சற்று முன், 1973 ஏப்ரல் 26 அன்று, சிகாகோவில் ஆப்ஷனுக்கென்றே ஒரு சந்தை திறந்தது. தானியச் சந்தைக்காரர்கள் தங்கள் கட்டடத்தில் புகைபிடிப்பதற்கென்று வைத்திருந்த கூடத்தில் ஆரம்பித்தார்கள். 16 பங்குகள், முதல் நாளில் 911 ஒப்பந்தங்கள். வியாபாரிகள் பழைய பழக்கத்தில், கைத்தெளிவில் விலை சொன்னார்கள். ஆரம்ப மாதங்களில் சந்தை விலைக்கும் சூத்திர விலைக்கும் இடையில் 30, 40 சதவீத வித்தியாசம் சர்வசாதாரணம்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பிளாக் கம்ப்யூட்டரில் விலைகளைக் கணக்கிட்டுத் தாள்களாக அச்சிட்டுச் சந்தா கட்டிய வியாபாரிகளுக்கு விற்றார். அவர்கள் அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக் கூச்சலுக்கு நடுவே விலை சொன்னார்கள். தாளில் உள்ளதைவிட விலை அதிகமானால் விற்றார்கள், குறைவானால் வாங்கினார்கள். எல்லாரும் அப்படிச் செய்தால் விலை எங்கே போய் நிற்கும்? தாளில் உள்ள இடத்தில்தான். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி இந்தச் சூத்திரம் ஏற்றிய கால்குலேட்டரையே விற்றது. பல்கலைக்கழகங்களில் பாடம் வந்தது, படித்தவர்கள் சந்தைக்கு வேலைக்கு வந்தார்கள். அந்த 30, 40 சதவீத இடைவெளி சில வருடங்களில் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது. எடின்பரோவைச் சேர்ந்த சமூகவியலாளர் டொனால்ட் மெக்கன்சி 2006இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். சூத்திரம் சந்தையைப் படம் பிடித்தது என்பதைவிட, சந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பதுதான் அவர் வாதம். சூதாட்டம் என்ற கெட்ட பெயரைப் போக்கவும் அது உதவியது. நிகழ்தகவுச் சமன்பாட்டோடு வரும் ஆளைச் சூதாடி என்று சொல்வது யாருக்கும் கொஞ்சம் கஷ்டம்தானே.

ஆக 1980களின் நடுவில் ஒரு மாணவர் இந்தப் பாடத்தைப் படித்திருந்தால், ஆசிரியர் சந்தை விலைகளைக் கரும்பலகையில் எழுதி, பார், சூத்திரம் எப்படிப் பொருந்துகிறது என்று காட்டியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்போது பொருந்தியது.

பெர்க்லியில் ஹேன் லீலண்ட், மார்க் ரூபின்ஸ்டைன் என்ற இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். பங்கு விலை விழுந்தால் நஷ்டம் ஒரு எல்லையைத் தாண்டாமல் இருக்கக் காப்பீடு மாதிரி ஒன்று வேண்டும் என்று ஓய்வூதிய நிதிகள் விரும்பும் என்பது லீலண்டின் யோசனை. அவ்வளவு பெரிய ஆப்ஷன் சந்தையில் கிடைக்காது. ஆனால் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் சொன்ன முறையைத் தலைகீழாகப் போட்டால் ஆப்ஷனை நாமே செய்துகொள்ளலாம். ஏறினால் வாங்கு, இறங்கினால் விற்றுவிடு. நாடகம் முழுக்க அந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது. 1981இல் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1987 வாக்கில் இந்த முறையில் ‘காப்பீடு’ செய்யப்பட்ட பணம் பல பத்து பில்லியன் டாலர்.

ஒரு ஆள் விற்றால் சந்தைக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்து, விலை இறங்கும் அதே நாளில் விற்க வந்தால்? 1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை, டௌ ஜோன்ஸ் குறியீடு 508 புள்ளிகள், 22.6 சதவீதம் விழுந்தது. விழுந்ததால் சூத்திரம் விற்கச் சொன்னது, விற்றதால் இன்னும் விழுந்தது. அந்த வீழ்ச்சிக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, அதில் இன்றும் சண்டை இருக்கிறது. ஆனால் பங்கு இருந்தது என்பதை அமெரிக்க அரசு அமைத்த பிரேடி குழுவே சொன்னது.

எஸ் அண்ட் பி 500 முன்பேர விலை அன்று 29 சதவீதம் விழுந்தது. வகுப்பில் சொல்லித்தரும் மணி வளைவு சரியென்றால் இப்படி ஒரு நாள் வருவதற்கான நிகழ்தகவு என்ன என்று பிறகு ரூபின்ஸ்டைனே கணக்குப் போட்டார். தசமப் புள்ளிக்குப் பின் 159 பூஜ்யங்கள், அப்புறம் ஒரு 1. பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து தினமும் சந்தை நடந்திருந்தாலும் ஒரு தடவைகூட வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. தான் கட்டிய வீடு இடிந்த கணக்கைத் தானே போட்டு அச்சில் போட்ட அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதற்குப் பிறகு ஐந்தாவது எண் ஒரே எண்ணாக இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வியாபாரிகள் சூத்திரத்தைப் பின்பக்கமாக ஓட்டுவார்கள். சந்தை விலையைப் போட்டு, இந்த விலை வர வேண்டுமானால் வாலட்டிலிட்டி எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். சூத்திரம் சரியென்றால், ஒரே பங்கின் எல்லா ஆப்ஷனுக்கும் ஒரே விடை வர வேண்டும், பங்கு ஒன்றுதானே. 1987க்கு முன் குறியீட்டு ஆப்ஷன்களில் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது. பிறகு, பெரிய வீழ்ச்சியில் மட்டும் பணம் தரும் ஆப்ஷன்களுக்கு எண் கூடுதலாக வர ஆரம்பித்தது. வரைந்து பார்த்தால் கோடு நேராக இல்லாமல் வளைந்து இருக்கும். ‘வாலட்டிலிட்டி ஸ்மைல்’, புன்னகை, என்று அதற்குப் பெயர். பயந்தவர்களின் புன்னகை. ஒரு தடவை சூடுபட்ட சந்தை, மணி வளைவை இனி நம்பமாட்டேன் என்று விலையிலேயே எழுதி வைத்துக்கொண்டது. இன்றுவரை அந்தக் கோடு நேராகவில்லை.

பாடமோ இதற்குப் பிறகுதான் பெருகியது. டொராண்டோவின் ஜான் ஹல் எழுதிய பாடநூலின் முதல் பதிப்பு 1980களின் கடைசியில் வந்தது, இன்று உலகம் முழுக்க அதுதான் பாடநூல். 1990இல் பாரிஸில் நிக்கோல் எல் கரூயி, எலியெத் ஜெமான் இருவரும் நிகழ்தகவும் ஃபைனான்ஸும் சேர்ந்த முதுகலைப் படிப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். அதில் படித்தவர்களை உலக வங்கிகள் எல்லாம் கொத்திக்கொண்டு போயின. பாஷெலியேவுக்கு இரண்டாம் தரச் சான்று கொடுத்த அதே ஊர்!

ரிஸ்க் மேனேஜ்மென்ட் தனிப் படிப்பானதும் இந்தக் காலத்தில்தான். 1994இல் ஜே.பி. மார்கன் வங்கி தன் ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறையை எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டது. அதன் மையத்தில் ஐந்தாவது எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருந்தது: நேற்றைய மதிப்பீட்டுக்கு 94 பங்கு எடை, கடைசியாக நடந்த விலை மாற்றத்துக்கு 6 பங்கு எடை. தினமும் இப்படிப் புதுப்பித்துக்கொண்டே வா. 1996இல் பாசல் குழு வங்கிகள் தங்கள் சொந்த மாடல்களை வைத்துச் சந்தை ரிஸ்க்கைக் கணக்கிடலாம் என்றது. 1997இல் எஃப்ஆர்எம் தேர்வு வந்தது. அதே வருடம் மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் நோபல். பிளாக் 1995இலேயே இறந்துவிட்டார். 1998இல் அந்த இருவரும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் நிதி கவிழ்ந்து, 14 நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இந்தக் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நம் ஊருக்கு இது எப்படி வந்தது என்பது அவ்வளவாக எழுதப்படாத விஷயம். 1956இல் வந்த பங்கு ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆவது பிரிவு ஆப்ஷன்களை நேரடியாகவே தடை செய்தது. அந்தத் தடை 1995இல்தான் நீங்கியது. அதுவரை பதிலா என்ற, தீர்வைத் தள்ளிப்போடும் முறையில் ஊக வணிகம் நடந்தது. டெரிவேட்டிவ் சந்தையை எப்படித் திறப்பது என்று ஆராய 1996இல் செபி எல்.சி. குப்தா தலைமையில் ஒரு குழு போட்டது. அடுத்து, மார்ஜின் எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்ய அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் ஜெயந்த் வர்மா தலைமையில் இன்னொரு குழு. 1998இல் வந்த வர்மா அறிக்கையைத் திறந்தால் நமக்குப் பழக்கமான எண் உட்கார்ந்திருக்கிறது: 0.94. நியூயார்க் வங்கியின் ஐந்தாவது எண், அகமதாபாத் வகுப்பறை வழியாக மும்பைச் சந்தையின் விதியாகிவிட்டது.

ஆனால் வர்மா குழு அப்படியே காப்பியடிக்கவில்லை. மணி வளைவு சரியென்றால் 99 சதவீத நாட்களைச் சமாளிக்க 2.58 மடங்கு சிக்மா போதும். அவர்கள் குறியீட்டு முன்பேரத்துக்கு 3 மடங்கு கேட்டார்கள். இந்தியச் சந்தையின் வால் கொழுத்தது, பெரிய ஏற்ற இறக்கங்கள் மணி வளைவு சொல்வதைவிட அடிக்கடி வரும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 1987ஐப் படித்தவர்கள் எழுதிய விதி அது. அந்த 2.58க்கும் 3க்கும் இடையில் இருக்கிற தூரத்தைத்தான் நான் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் கணக்கு.

2000 ஜூனில் குறியீட்டு முன்பேரம், 2001இல் ஆப்ஷன்கள். 2008இல் தேசியப் பங்குச் சந்தை இந்தியா விக்ஸ் என்று ஒரு குறியீடு வெளியிட ஆரம்பித்தது. நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து பின்பக்கமாக எடுத்த ஐந்தாவது எண் அது. டிவியில் அதைப் ‘பயக் குறியீடு’ என்று சொல்கிறார்கள். பாஷெலியே கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர, ஆப்ஷன் சந்தையில் வியாபாரம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, நிஃப்டி ஏறுமா இறங்குமா என்பதுதான். 1973இல் சூத்திரத்திலிருந்து விழுந்துபோன கேள்வி அது. திசையைச் சரியாகச் சொல்லியும் பணம் போகலாம். தேர்தல் முடிவு, பட்ஜெட் மாதிரி நாட்களுக்கு முன் ஐந்தாவது எண் ஏறியிருக்கும், ஆப்ஷன் விலையும் கூடவே ஊதியிருக்கும். செய்தி வந்ததும் எண் விழும். நிஃப்டி நீங்கள் நினைத்த பக்கமே போயிருக்கும், உங்கள் ஆப்ஷன் மட்டும் இளைத்திருக்கும்.

அதே அறிக்கையில் எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கிறது. 2023-24இல் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு, செலவு கழிக்காத லாபம் சுமார் 33,000 கோடி. வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்குச் சுமார் 28,000 கோடி. முதல் வகையில் 96 சதவீத லாபமும் இரண்டாவதில் 97 சதவீதமும் அல்காரிதம் வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கே போயிருக்கிறது. அந்த அல்காரிதங்களை எழுதுவது இந்தப் பாடத்தைக் கணிதத்தோடும் 1987ஓடும் சேர்த்துப் படித்தவர்களின் வேலை. திசையைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஐந்தாவது எண், அதை ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்குகிறவரின் மொபைலிலும் அந்த எண் உண்டு. ஆப்ஷன் பட்டியலில் ‘ஐவி’ என்று ஒரு பத்தி. சில ஆப்களில் அது முதலில் தெரியாது, செட்டிங்ஸில் போய் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.